புகை என்று பெயர் வைத்தார்கள்



இந்த ஞாயிற்றுக்கிழமை கல்லணையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்று ஒரு நோயின் வரலாற்றை எழுதப் போகிறேன். "வரலாற்று வாத்தியாருக்கு மருத்துவத்தில் என்ன வேலை?" என்று சிலர் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், பிள்ளைகளே.

என் தம்பி மகளின் பெண்ணுக்கு ஏழு வயது. உறவினர்களுக்கு யாரென்று தெரியும். மற்றவர்களுக்குப் பெயர் வேண்டாம். போன வருடம் கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் காலையில் சூடான பாலை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. என் மனைவி ஒரு அதட்டல் போட்டாள். பிள்ளை தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டது. அழுகைக்கு நடுவே வாய் குழறியது, இடது கை துவண்டு தொங்கியது. பத்து நிமிடம்தான். பிறகு எதுவுமே நடக்காதது போல எழுந்து விளையாடப் போய்விட்டாள்.

மூன்று நாள் கழித்து, பலூன் ஊதும்போது மறுபடியும் அதே மாதிரி. அவள் அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நடிக்கிறாம்மா. 34 வருஷம் பிள்ளைகளோட குப்பை கொட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? கண்டுக்காம விட்டா தானா சரியாப் போயிடும்." பெரியப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். இடையில் தலைவலி என்று ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார். இப்படியே ஐந்து மாதம் போயிற்று.

ஒரு நாள் துவண்ட கை பத்து நிமிடத்தில் திரும்பவில்லை.

நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர், எந்தப் படத்தையும் பார்ப்பதற்கு முன்னால், எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாராம்: "எப்பெப்போ வருது? அழும்போதா? ஓடும்போதா? எதையாவது ஊதும்போதா?" இப்படி விசாரிப்பதை மருத்துவர்கள் 'ஹிஸ்டரி எடுப்பது' என்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ஹிஸ்டரி சொல்லிக்கொடுத்தவன் கேட்கத் தவறிய கேள்வி அது. பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். நோயின் பெயர் மோயாமோயா என்றார்கள்.

அன்றிலிருந்து இந்தச் சொல்லின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன். தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் மூளைக்கு ரத்தம் போகும் வழியைப் பார்ப்போம். கழுத்தின் முன்பக்கம் இரண்டு பெரிய தமனிகள், பின்பக்கம் முதுகெலும்பை ஒட்டி இரண்டு. ஆக நான்கு ஆறுகள். மூளையின் அடிப்பக்கத்தில் இவை ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையம் ஆகின்றன. அந்த வளையத்திலிருந்துதான் கிளைகள் பிரிந்து மூளை முழுக்கப் பாய்கின்றன. 1664-இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் மூளையின் உடற்கூறு பற்றி லத்தீன் மொழியில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்த வளையத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்தப் புத்தகத்துக்குப் படங்கள் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென். பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென்தான். பத்தாம் வகுப்பில் இப்படி ஏதாவது சொன்னால் கடைசி பெஞ்ச் நிமிர்ந்து உட்காரும், ஞாபகம் இருக்கிறதா?

வில்லிஸ் இறந்த ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தபோது ஒரு விஷயத்தைக் கவனித்தார். கழுத்தின் ஒரு பக்கத் தமனி இறுகிப்போய் முழுவதும் அடைபட்டிருந்தது. ஆனால் அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்ததே இல்லை. அவர் இறந்தது வேறு நோயால். அடைபட்ட பக்கத்தின் பின் தமனி பருத்துப்போய் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்திருந்தது. ஒரு வழி அடைத்தால் உடம்பு மாற்று வழி தேடும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அதைப் பார்க்க ஒருவர் இறந்தாக வேண்டியிருந்தது. உயிரோடு இருப்பவரின் மண்டைக்குள் ரத்தக் குழாயைப் பார்க்க இன்னும் இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது. மூளையும் அதன் ரத்தக் குழாய்களும் தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் எக்ஸ்ரேயைத் தடுக்கும் ஏதோ ஒரு திரவத்தை ரத்தத்தோடு கலந்து அனுப்ப வேண்டும். இதைச் செய்துகாட்டியவர் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரத்து நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ். விசித்திரமான மனிதர். பாதி வாழ்க்கை அரசியல். வெளியுறவு அமைச்சராக இருந்தவர். முதல் உலகப் போருக்குப் பின் பாரிஸ் அமைதி மாநாட்டுக்குப் போர்ச்சுகல் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனவர். அதற்கெல்லாம் பிறகு, ஐம்பது வயதைத் தாண்டி, இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். கீல்வாதத்தால் அவருடைய கைகள் முடங்கியிருந்தன. அதனால் ஊசி போடும் வேலையைச் செய்தவர் அல்மெய்டா லிமா என்ற இளைய மருத்துவர்.

முதலில் நாய்களிலும் இறந்தவர்களின் உடல்களிலும் சோதித்தார்கள். பிறகு நோயாளிகள். ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு என்ற உப்பைக் கரைத்து முயன்றபோது ஒரு நோயாளி இறந்துபோனார். அதைக் கைவிட்டு சோடியம் அயோடைடு கரைசலுக்கு மாறினார்கள். கழுத்தைக் கத்தியால் திறந்து, தமனியை வெளியே எடுத்து, அதில் ஊசி. 1927 ஜூன் 28 அன்று முதன்முறையாக, உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் மூளைத் தமனிகள் படத்தில் விழுந்தன. இன்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் மூளை ஆஞ்சியோகிராம் பிறந்த நாள் அது.

ஆனால் பிள்ளைகளே, வரலாற்றில் யாரையும் முழுசாகக் கும்பிட்டுவிடாதீர்கள் என்று வகுப்பில் சொல்வேனே, இதே மோனிஸ் அதற்கு நல்ல உதாரணம். 1935-இல், மனநோய்க்குச் சிகிச்சை என்று மூளையின் முன்பகுதி நரம்பிழைகளைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சையைத் தொடங்கி வைத்தவரும் இவர்தான். பல நாடுகளில் எத்தனையோ பேரின் வாழ்க்கையை அது பாழாக்கியது. 1949-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான், ஆஞ்சியோகிராமுக்காக இல்லை. ஆஞ்சியோகிராமுக்கும் ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. 1930-களில் தோரோட்ராஸ்ட் என்ற திரவத்தைப் பயன்படுத்தினார்கள். படம் பளிச்சென்று விழுந்தது. அதில் இருந்த தோரியம் கதிர்வீச்சு உள்ள பொருள். உடம்பை விட்டுப் போகாமல் தங்கி, பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் புற்றுநோயைக் கொண்டுவந்தது. என் பேத்தி எம்.ஆர்.ஐ. அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள் என்றால், அதற்கு முன்னால் எத்தனை பேர் விலை கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இனி ஜப்பானுக்கு வருவோம். கழுத்தைக் கத்தியால் திறக்காமல், தோல் வழியாகவே தமனியில் ஊசி போட முடியும் என்று சில நாடுகளில் கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் கெண்டாரோ ஷிமிசு என்ற அறுவை மருத்துவர் 1937-இல் அந்த முறையைப் பற்றி எழுதினார். படம் எடுப்பது சுலபமானதும் மூளைப் படங்கள் அங்கே பெருகின. இருபது வருடம் கழித்து, 1957-இல், அதே ஷிமிசுவும் டாக்கேயுச்சி என்ற மருத்துவரும் 29 வயது ஆண் ஒருவரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்து வயதிலிருந்து வலிப்பும் பார்வைக் கோளாறும் அவருக்கு இருந்தன. படம் எடுத்துப் பார்த்தால் கழுத்திலிருந்து மூளைக்குப் போகும் இரண்டு முன் தமனிகளும் சிறுத்துக் கிடந்தன. அவை பிறவியிலேயே சரியாக வளராதவை என்று அவர்கள் எண்ணினார்கள்.

அதன் பிறகு ஜப்பானில் அங்கங்கே இதே மாதிரிப் படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே காட்சி: இரண்டு பெரிய தமனிகளும் மண்டைக்குள் நுழைந்து வளையத்தைத் தொடும் இடத்தில் குறுகிக் காணாமல் போகின்றன, அதற்கு அடியில் பெயரே இல்லாத நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள் பஞ்சுபோலக் கலங்கித் தெரிகின்றன. வடக்கே செண்டாய் நகரத்தில், தோஹோக்கு பல்கலைக்கழகத்தின் ஜிரோ சுசுகியும் அகிரா டாக்காக்குவும் இந்தப் படங்களைச் சேர்த்து ஆராய்ந்து 1969-இல் கட்டுரை எழுதினார்கள். அந்தக் கலங்கல் அவர்கள் கண்ணுக்குச் சிகரெட் புகை காற்றில் மிதப்பது போல இருந்தது. அதனால் 'மோயாமோயா' என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் மங்கலாக, புகைமூட்டமாக இருப்பதைச் சொல்லும் சொல் அது. தமிழ் வாத்தியார்கள் மன்னிக்க வேண்டும், நம் சலசல, மளமள மாதிரி இரட்டித்து வரும் ஒரு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுசுகி இன்னொரு வேலையும் செய்தார். இந்த நோய் நகரும் பாதையை ஆறு கட்டங்களாகப் பிரித்தார். முதல் கட்டத்தில் தமனி குறுகுகிறது. பிறகு புகை தோன்றி அடர்த்தியாகிறது. அதன் பின் மெல்ல மெல்லக் குறைந்து, ஆறாம் கட்டத்தில் புகையே இல்லை. புகை போய்விட்டால் நோய் போய்விட்டது என்றுதானே நமக்குத் தோன்றும்? அங்கேதான் விஷயம். ஆறாம் கட்டத்தில் முன் தமனி முழுவதும் அடைந்து போயிருக்கும். முகத்துக்கும் தலைத்தோலுக்கும் ரத்தம் கொண்டுபோகும் வெளித்தமனிகளின் கிளைகள் உள்ளே நுழைந்து மூளையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் அந்தப் புகை என்ன? நம் டெல்டாக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். பெரிய வாய்க்கால் தலைமதகிலேயே தூர்ந்துபோகிறது. தண்ணீர் வரவில்லை. கடைமடைக்காரன் சும்மா இருப்பானா? கிடைத்த இடத்தில் எல்லாம் மண்ணை வெட்டி, சின்னச் சின்னக் கால்வாய் இழுத்து, எப்படியாவது வயலை நனைக்கப் பார்ப்பான். அந்தச் சின்னக் கால்வாய்கள்தான் புகை. நோய் இருப்பது தூர்ந்த தலைமதகில். புகை, உடம்பு உயிர் பிழைக்கச் செய்த பாடு. உடம்பு செய்த அந்த வேலையின் பெயரே நோய்க்குப் பெயராகிவிட்டது. ஏனென்றால் படத்தில் முதலில் கண்ணைக் கவர்ந்தது அதுதான்.

அழுதாலும் ஊதினாலும் ஏன் கை துவண்டது? வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். நமக்கு அது தெரியாது, ஏனென்றால் நம்மிடம் உபரி இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு உபரி கிடையாது. முறைத் தண்ணீரில் ஓடும் கால்வாயில் ஒரு சாண் குறைந்தால் கடைமடை காய்ந்துவிடும். கை, கால், பேச்சு நின்றுபோகும். அழுகை ஓய்ந்து மூச்சு சீரானதும் ரத்தம் திரும்புகிறது, கையும் திரும்புகிறது. ஜப்பானில் சூடான நூடுல்ஸை ஊதிச் சாப்பிடும்போதும், பள்ளியில் குழல் வாசிக்கும்போதும் பிள்ளைகளுக்கு இப்படி வருவதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது பாலும் பலூனும். திட்டினோம், அழுதாள், அழுததால் கை துவண்டது, துவண்டதால் நடிப்பு என்றோம். அந்த வட்டத்தில் அவளை ஓட வைத்தவன் நான்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். காதுக்குச் சற்று முன்னால், பொட்டுப் பக்கம் விரலை வைத்துப் பாருங்கள். துடிப்பு தெரிகிறதா? அது தலைத்தோலுக்குப் போகும் தமனி. துருக்கியில் பிறந்து சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வேலை பார்த்த காசி யாசர்கில் என்ற அறுவை மருத்துவர், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டோனகி என்பவரிடம் நுண்ணோக்கியின் கீழ் தையல் போடக் கற்றுக்கொண்டார். ஊருக்குத் திரும்பி 1967 அக்டோபர் 30 அன்று, இந்தக் காதோரத் தமனியை மண்டையோட்டில் போட்ட துளை வழியே உள்ளே இறக்கி, மூளையின் மேல் ஓடும் ஒரு கிளையோடு தைத்தார். முடியை விட மெல்லிய நூல். பக்கத்து வாய்க்காலிலிருந்து தண்ணீரைத் திருப்பிவிடுவது போலத்தான். 1972-இல் மோயாமோயா உள்ள ஒரு சிறுவனுக்கும் அவர் இதைச் செய்தார்.

இந்த முறை எல்லா அடைப்புக்கும் உதவும் என்று உலகமே நம்பியது. 1985-இல் 1,377 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு வெளிவந்தது. கொழுப்புப் படிந்து வரும் சாதாரண அடைப்புக்கு இந்த அறுவை சிகிச்சையால் பயன் இல்லை என்று முடிவு. எத்தனையோ மருத்துவமனைகள் இதைக் கைவிட்டன. ஆனால் மோயாமோயாவுக்குத் தொடர்ந்தார்கள்.

சின்னப் பிள்ளைகளிடம் வேறு சிக்கல். குழாய்கள் அவ்வளவு மெல்லியவை, தைப்பது பெரும்பாடு. டோக்கியோவின் மட்சுஷிமா என்ற மருத்துவர் 1979-இல் வேறு மாதிரி செய்தார். காதோரத் தமனியை வெட்டவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதைச் சுற்றியுள்ள திசுவோடு பிரித்தெடுத்து, மூளையின் மேல் உறையைத் திறந்து, விளிம்போடு தைத்து, மூளைக்கு மேலே படுக்க வைத்தார். அவ்வளவுதான். பிறகு காத்திருக்க வேண்டும். ரத்தத்துக்குத் தவிக்கும் மூளை அந்தத் தமனியிலிருந்து தானே புதுக் குழாய்களை இழுத்துக்கொள்ளும். சில மாதங்கள் ஆகும். புகையைப் படைத்த அதே உடம்புக்கு, நல்ல ஊற்று ஒன்றைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கால்வாய் வெட்டும் வேலையை அதனிடமே விட்டுவிட்டார். இந்தச் சிகிச்சை முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பெரியவர்களுக்கு இந்த நோயில் இன்னொரு ஆபத்து: பாரம் தாங்காமல் அந்த மெல்லிய குழாய்கள் உடைந்து மூளைக்குள் ரத்தம் கசியும். ஒருமுறை கசிந்தவர்கள் 80 பேரை வைத்து ஜப்பானில் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட 42 பேரில் 5 பேருக்கு மறுபடி கசிந்தது. செய்துகொள்ளாத 38 பேரில் 12 பேருக்கு. சின்ன ஆய்வுதான். ஆனால் இவ்வளவு அரிய நோய்க்கு 80 பேரைத் திரட்ட 22 மருத்துவமனைகள் சேர வேண்டியிருந்தது.

2011-இல், ஆர்.என்.எஃப். 213 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த மாற்றம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அதனால் உறவினர்களே, யார் வழியில் வந்தது, எந்தப் பக்கத்து ரத்தம் என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளையின் அம்மா ஏற்கெனவே போதுமான அளவு அழுதுவிட்டாள்.

பேத்திக்கு மட்சுஷிமா முறையில்தான் செய்தார்கள். முதலில் வலது பக்கம், சில மாதம் கழித்து இடது பக்கம். ஆறு மாதத்துக்குப் பிறகு எடுத்த படத்தில் புதுக் குழாய்கள் விசிறி போல விரிந்திருப்பதைக் காட்டினார்கள். இப்போது பள்ளிக்குப் போகிறாள். தண்ணீர் பாட்டில் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றக் கூடாது. அழுதால் கை துவள்வது நின்றுவிட்டது. ஆனால் அந்த ஐந்தாம் மாதத்தில் மூளையின் ஒரு சிறு பகுதி பட்டுப்போயிருந்தது. அதனால் இடது கை விரல்களில் நுணுக்கம் குறைவு. சட்டைப் பொத்தானை ஒரு கையால்தான் போட்டுக்கொள்கிறாள். போன வாரம் வந்திருந்தபோது நான் உதவப் போனேன். "வேணாம் பெரிய தாத்தா, எனக்கே வரும்" என்றாள். நான் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உங்களில் நிறையப் பேர் இன்று அம்மா, அப்பா. பத்துப் பன்னிரண்டு பேர் ஆசிரியர்கள் என்று தெரியும். அழும்போதோ ஓடும்போதோ ஊதும்போதோ ஒரு பிள்ளைக்குக் கை கால் துவண்டு, பேச்சு குழறி, சற்று நேரத்தில் சரியாகிவிட்டால், சரியாகிவிட்டதே என்று விடாதீர்கள். உடனே நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். எப்போது வந்தது, அதற்கு முன் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது, எத்தனை நிமிடம் இருந்தது என்று எழுதி எடுத்துப் போங்கள். முடிந்தால் கைப்பேசியில் படம் பிடியுங்கள். அந்த நோய் அரியது. பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

படத்தில் கண்ணில் பட்ட புகையைப் பார்த்து அந்த மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். ஆனால் அதோடு நிற்காமல், இது ஏன் வந்தது என்று கேட்டார்கள். நான் கண்ணில் பட்ட அழுகைக்கு 'நடிப்பு' என்று பெயர் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். வகுப்பில் உங்களில் யாருக்காவது அப்படி ஒரு பெயரை நான் வைத்திருந்தால், இந்தக் கிழவனை மன்னித்துவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு கல்லணை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்